வெட்டவெளியில் இருக்கும் ரகசியங்கள்: குழந்தைகளின் அனிமேஷன் படங்களும் பெரியவர்களின் வாசிப்பும்

1999 ஜனவரியில் டிஸ்னி நிறுவனம் ‘த ரெஸ்க்யூவர்ஸ்’ படத்தின் 34 லட்சம் வீடியோ கேசட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. 1977இல் வந்த படம். இரண்டு எலிகள் ஒரு பறவையின் முதுகில் ஏறி நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே பறக்கும் காட்சியில், பின்னணியில் கடந்துபோகும் ஜன்னல் ஒன்றில் நிர்வாணப் பெண்ணின் புகைப்படம் இரண்டே இரண்டு ஃபிரேம்களில் இருந்தது. நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும் திரையில் அது எவர் கண்ணிலும் பட்டிருக்காது. வீடியோ வந்து, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்த பிறகே பிடிபட்டது.

இது உண்மையிலேயே ஒளித்து வைக்கப்பட்ட பொருள். ஆனால் இதற்குப் பொருள் எதுவும் இல்லை. அந்தப் புகைப்படத்தை எடுத்துவிட்டால் கதையில் ஒரு இழை கூடக் குறையாது; இருந்ததால் கூடவும் இல்லை.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு ‘த லயன் கிங்’ மீது ஒரு புகார் எழுந்தது. சிம்பா பாறை விளிம்பில் சோர்ந்து விழ, எழும்பும் தூசி இரவு வானத்தில் சுழன்று பாலியலைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லாக மாறுகிறது என்று அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு ஒன்று சொன்னது. படத்தில் வேலை செய்தவர்கள், அது சிறப்புக் காட்சிகள் பிரிவினர் தங்கள் துறையின் சுருக்கப் பெயரான ‘எஸ்.எஃப்.எக்ஸ்’ என்பதைத் தூசியில் எழுதிய கையெழுத்து என்றார்கள். பின்னர் வந்த பதிப்புகளில் தூசி வெறும் தூசியாக்கப்பட்டது.

அதே காலத்தில் ‘அலாதீன்’ படத்தின் முதல் பாட்டில், அரபு மண்ணை உடலுறுப்பை வெட்டும் காட்டுமிராண்டி தேசமாகச் சொல்லும் வரி ஒன்று எல்லோர் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை. அமெரிக்காவின் அரபு வம்சாவளியினர் அமைப்பு போராடிய பிறகு, 1993இல் வீடியோ வெளியானபோது அந்த வரி மாற்றப்பட்டது. அந்த நாட்டை இழித்துச் சொல்லும் அடைமொழி மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இந்த மூன்று சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். குழந்தைகள் படங்களில் மறைபொருள் தேடும் பெரியவர்களின் மரபு முழுவதற்கும் ஓடும் ஒரு கோடு அதில் தெரிகிறது. கனமான பொருள் பெரும்பாலும் வெட்டவெளியில், முதல் பாட்டிலேயே இருக்கிறது. தேடுபவர்களின் கண் தூசியில் இருக்கிறது.

இந்த வாசிப்பு மரபு இணையத்தோடு பிறந்ததாக இன்றைய இளைஞர்கள் நினைக்கலாம். ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1931இலேயே மிக்கி மவுஸ் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். மனிதனின் கையும் உடலும்கூட அவனிடமிருந்து பறிபோகக்கூடியவை என்பதை அந்தப் படங்கள் காட்டுகின்றன, கூட்டம் தன் வாழ்க்கையை அதில் அடையாளம் காண்கிறது என்பது அதன் சாரம். சோவியத் இயக்குநர் ஐஸன்ஸ்டைன் 1940களில் டிஸ்னியைப் பற்றி எழுதிய குறிப்புகளில், எந்த வடிவத்துக்கும் கட்டுப்படாமல் நீண்டும் சுருங்கியும் உருமாறும் கோட்டின் விடுதலையைக் கொண்டாடினார். இயந்திரத்தோடு இயந்திரமாக அடுக்கப்பட்ட அமெரிக்கத் தொழிலாளிக்கு அந்தக் கோடு கொடுக்கும் ஆறுதலையும் அவர் கண்டார். அடோர்னோவும் ஹோர்க்கைமரும் இதற்கு நேர் எதிர். டொனால்ட் டக் வாங்கும் அடி, பார்வையாளன் தனக்கு விழும் அடிக்குப் பழகிக்கொள்வதற்கான பயிற்சி என்றார்கள். ஒரே வாத்தையும் எலியையும் பார்த்து ஒருவர் விடுதலையையும் மற்றவர்கள் அடிமைப் பயிற்சியையும் கண்டார்கள். இன்றுவரை இந்தத் துறை இந்த இரு கரைகளுக்கு நடுவேதான் ஓடுகிறது. எனக்கு ஐஸன்ஸ்டைன் பக்கமே மனம் சாய்கிறது. அவர் ஒருவர்தான் கதைச் சுருக்கத்தை விட்டுவிட்டு, வரையப்பட்ட கோட்டைப் பார்த்தார்.

இரண்டாவது கரையின் உச்சம் சிலேயில் எழுதப்பட்டது. சால்வதோர் அயெந்தே ஆட்சியில், 1971இல், வால்பரைஸோ நகரில் ஆரியல் டோர்ஃப்மனும் அர்மான் மத்தலாரும் டொனால்ட் டக்கை வாசிப்பது எப்படி என்று ஒரு சிறு நூலை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை படக்கதைப் புத்தகங்களே. ஆனாலும் அனிமேஷன் பற்றிப் பின்னால் வந்த எழுத்து அத்தனையும் அதற்குக் கடன்பட்டிருக்கிறது. அவர்கள் கவனித்த முதல் விஷயம் இன்றும் நம்மை நிறுத்தி வைக்கும்: அந்த உலகத்தில் அப்பா அம்மா கிடையாது. மாமா, மருமகன்கள், காதலி. யாரும் பிறப்பதில்லை, யாருக்கும் உழைத்துப் பொருள் செய்ததாக வரலாறு இல்லை. செல்வம் எங்கோ தூர தேசத்தில் புதைந்து கிடக்கிறது. அங்கிருக்கும் மக்கள் குழந்தைகளைப் போல வெள்ளந்தியானவர்கள், அதன் மதிப்பு தெரியாதவர்கள், ஒரு விளையாட்டுச் சாமானுக்கு அதைக் கொடுத்துவிடுகிறார்கள். தாமிரச் சுரங்கங்களை அமெரிக்கக் கம்பெனிகளிடமிருந்து அப்போதுதான் மீட்டிருந்த ஒரு நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

1973இல் பினோசே ஆட்சியைப் பிடித்ததும் அந்த நூல் எரிக்கப்பட்டது. தலைமறைவாக இருந்த டோர்ஃப்மன் தன் புத்தகம் எரிவதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஒரு வாத்தைப் பற்றிய விமர்சன நூலுக்கு ராணுவம் அவ்வளவு பயந்திருக்கிறது.

அந்த நூலிலும் ஒரு குறை உண்டு. அதில் வரைந்தவர்கள் இல்லை. படக்கதைகள் எல்லாவற்றிலும் டிஸ்னியின் பெயர் மட்டுமே இருந்தது; அவற்றுள் மிகச் சிறந்தவற்றை ஆண்டுக்கணக்கில் பெயர் தெரியாமல் எழுதி வரைந்தவர் கார்ல் பார்க்ஸ். அவர் கதைகளில் பேராசைக்கார மாமா பல இடங்களில் ஏளனத்துக்கு உள்ளாகிறார். நிறுவனத்தின் சித்தாந்தத்தைப் படிப்பவர்கள், அந்த நிறுவனத்துக்குள் மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்த மனிதனின் கைவேலையைத் தவறவிட்டுவிட்டார்கள்.

1990களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதைத் தனித்துறையாகவே வளர்த்தன. 1995இல் ‘எலியிலிருந்து கடற்கன்னி வரை’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரைத் தொகுப்பு, 1999இல் ஹென்றி ஜிரூவின் டிஸ்னி பற்றிய நூல், பிறகு இளவரசிகள் குறித்துக் குவியல் குவியலாக ஆய்வேடுகள். குரலை விற்றுக் காலை வாங்கும் கடற்கன்னி ஏரியல் பற்றிய பெண்ணிய வாசிப்புகள் சில நன்றாகவே இருந்தன. ஆனால் வெகு சீக்கிரம் படத்தைப் பார்க்காமலே முடிவைச் சொல்லிவிடலாம் என்ற நிலை வந்தது. ஆணாதிக்கம், நுகர்வு, இனவாதம் என்ற மூன்று முத்திரைகள் தயாராக இருந்தன. படம் வரும், குத்தப்படும். முத்திரைகள் பொய் என்று சொல்ல வரவில்லை. 1941இல் வந்த ‘டம்போ’வில் கறுப்பினத்தவர் பேச்சைப் பகடி செய்யும் காக்கைகள் இருக்கின்றன, சர்க்கஸ் கூடாரத்தை இரவு மழையில் தூக்கி நிறுத்தும் கறுப்புத் தொழிலாளிகளுக்கு முகமே வரையப்படவில்லை. முகமில்லாத அந்த மனிதர்களை ஒருமுறை பார்த்தவர்களால் மறக்க முடியாது. அந்தக் காட்சியை நுணுகிப் படிக்கும் ஒரு பக்கம், இனவாதம் என்ற சொல் நூறு முறை வரும் ஒரு நூலைவிடக் கனமானது.

இந்தச் சலிப்பை உடைத்தவர் ஆய்வாளர் ஜாக் ஹால்பர்ஸ்டம். தோல்வி பற்றிய 2011ஆம் ஆண்டு நூலில் அவர் ‘சிக்கன் ரன்’, ‘ஃபைண்டிங் நீமோ’ போன்ற படங்களை எடுத்துக்கொண்டு, கணினி அனிமேஷன் வந்த பிறகு கூட்டத்தை வரைவது எளிதாகிவிட்டது, அதனால் தனி நாயகனுக்குப் பதில் கூட்டாகக் கிளர்ந்தெழும் கதைகள் வரத் தொடங்கின என்றார். முள்வேலிக்குள் அடைபட்ட கோழிகள் சேர்ந்து ஒரு பறக்கும் இயந்திரம் செய்து தப்புவதை அவர் தொழிற்சங்க வரலாற்றின் மொழியில் படிக்கிறார். எல்லா இடத்திலும் அவரோடு உடன்பட முடியவில்லை. ஆனால் தொழில்நுட்பத்திலிருந்து பொருளுக்குப் போகும் அந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

பிக்ஸார் படங்கள் அத்தனையும் ஒரே உலகத்தில், ஒரே காலக்கோட்டில் நடப்பதாக 2013இல் ஜான் நெக்ரோனி முன்வைத்த கொள்கையை இங்கே வேகமாகக் கடந்துபோகலாம். ஒரே பீட்சா வண்டி பல படங்களில் வருகிறது, ‘ஏ113’ என்ற எண் எங்கும் தென்படுகிறது என்பவை அதற்குச் சான்றுகள். அந்த எண், கலிபோர்னியா கலைக் கல்லூரியில் பிக்ஸார் கலைஞர்களில் பலர் அனிமேஷன் படித்த வகுப்பறையின் எண். நண்பர்கள் நண்பர்களுக்கு விட்ட கையெழுத்து. அது இனிமையான செய்தி, அவ்வளவுதான்.

உண்மையிலேயே ஒளிக்க வேண்டியிருந்தவர்களிடம் வருவோம். செக் பொம்மலாட்டத் திரைக்கலைஞர் யிர்ஷி திரங்கா 1965இல் ‘கை’ என்ற குறும்படம் செய்தார். ஒரு சிறு குயவன், ஒரு பூச்செடி, அதற்காக அவன் வனையும் தொட்டி. ஒரு ராட்சதக் கை அறைக்குள் நுழைந்து, தொட்டி வேண்டாம், கையின் சிலையைச் செய் என்கிறது. மறுக்கிறான். கை பணம் காட்டுகிறது, மிரட்டுகிறது, ஆசை காட்டுகிறது, கடைசியில் அவன் உறுப்புகளில் கயிறு கட்டி ஆட்டி வைக்கிறது. தப்பி வந்து செத்துப்போகிறவனுக்கு அதே கை அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்துகிறது. திரங்கா 1969இல் இறந்தார். அவருக்கும் அரசு மரியாதை நடந்தது. அதன்பின் அந்தப் படம் தடைசெய்யப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது. மாஸ்கோவில் ஆந்திரே க்ர்ஷனோவ்ஸ்கி 1968இல் செய்த ‘கண்ணாடி ஆர்மோனிகா’ திரைக்கே வராமல் அலமாரிக்குப் போனது. முதலாளித்துவச் சமூகத்தைப் பற்றிய படம் இது என்று தொடக்கத்தில் ஓர் அறிவிப்பைச் சேர்த்தும் அதிகாரிகள் ஏமாறவில்லை. பொம்மையும் வரைபடமும் குழந்தைகளுக்கானவை என்ற நினைப்புதான் இந்தக் கலைஞர்களுக்குக் கிடைத்த மறைப்பு. அந்த மறைப்பும் எப்போதும் போதவில்லை.

இவற்றைவிட நுட்பமானது செபுராஷ்காவின் கதை. ரஷ்யப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த, பெரிய காதுகள் கொண்ட, எந்த இனம் என்று விஞ்ஞானத்துக்கே தெரியாத பிராணி. எட்வர்ட் உஸ்பென்ஸ்கியின் கதையை வைத்து ரோமன் கச்சனோவ் 1969இல் முதல் படத்தைச் செய்தார். ஆரஞ்சுப் பெட்டிக்குள் தூங்கிப்போய்த் தெரியாத நாட்டுக்கு வந்து சேர்கிறது அது. மிருகக்காட்சிசாலை அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை: எந்தக் கூண்டில் வைப்பது என்று தெரியவில்லை. நண்பன் தேடி விளம்பரம் ஒட்டும் முதலை ஒன்று அதற்குத் துணையாகிறது. மாயா பலகிர்ஸ்கி கட்ஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வுநூலில், கச்சனோவும் உருவங்களை வரைந்த லியோனித் ஷ்வார்ட்ஸ்மனும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பதிலிருந்து தொடங்கி, கடவுச்சீட்டில் இனத்தைப் பதிவு செய்யும் ஒரு நாட்டில் இனம் எழுத முடியாத இந்த உயிரைப் படிக்கிறார். கலைஞர்கள் இதைத் திட்டமிட்டார்களா என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. கூண்டு இல்லாததால் வாசலில் நிறுத்தப்படும் பிராணி என்ற காட்சி திரையிலேயே இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்கும் அந்தக் காட்சியில் தொண்டை அடைக்கும். யூத வரலாறு தெரிந்தவருக்கு அதே அடைப்பு இன்னும் ஆழத்திலிருந்து வரும். பெரியவர் படிக்கும் பொருள் குழந்தை உணர்ந்த பொருளை ரத்து செய்யவில்லை.

‘பேம்பி’யும் இந்த வரிசையில் சேரவேண்டியது. வியன்னாவில் வாழ்ந்த யூத எழுத்தாளர் ஃபீலிக்ஸ் சால்டன் 1923இல் அதை நாவலாக வெளியிட்டார். நாஜிகள் அதைத் தடைசெய்தார்கள். ஜாக் சைப்ஸ் 2022இல் கொண்டுவந்த புதிய மொழிபெயர்ப்பின் முன்னுரையில், வேட்டையாடப்படும் சிறுபான்மையினரின் கதையாக அதை வாசிக்கிறார். நாவலில் கோபோ என்று ஒரு மான். மனிதனால் வளர்க்கப்பட்டு, கழுத்தில் பட்டையோடு காட்டுக்குத் திரும்பி, மனிதன் தனக்கு நண்பன் என்று நம்பித் திறந்த வெளியில் நின்று சுடப்படுகிறது. ஐரோப்பியச் சமூகத்தோடு கலந்துவிட்டால் பாதுகாப்பு என்று நம்பியவர்களின் முடிவு அந்தப் பாத்திரத்தில் இருக்கிறது. டிஸ்னி 1942இல் எடுத்த படத்தில் கோபோ இல்லை. வேட்டைக்காரர்கள் தங்களை இழிவுபடுத்துவதாக அந்தப் படத்தை எதிர்த்தார்கள். மறைபொருள் தேடுபவர்கள் பேம்பியில் எதையெல்லாமோ கண்டார்கள். படம் எதை விட்டுவிட்டது என்ற கேள்வியைக் கேட்கச் சைப்ஸ் போன்றவர்கள் மூலநூலுக்குப் போகவேண்டியிருந்தது.

நமக்கு இதில் ஓர் அளவுகோல் கையிலேயே இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை அந்த நிலத்தின் கருப்பொருளிலிருந்து பிறக்கவேண்டும். நெய்தல் பாடலில் நாரையும் மீனும் இருப்பதால்தான் தலைவனின் நடத்தையை அங்கே படிக்கிறோம். பாடலுக்கு வெளியிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து நாரையின் அலகில் சொருகுவதில்லை. செபுராஷ்காவின் ஆரஞ்சுப் பெட்டியும் கோபோவின் கழுத்துப் பட்டையும் கருப்பொருள்கள். இந்த அளவுகோலோடு டோட்டோரோவுக்குப் போகலாம்.

ஹயாவோ மியாசாகியின் ‘என் அண்டைவீட்டு டோட்டோரோ’ 1988 ஏப்ரலில் வெளியானது. கிராமத்து வீட்டுக்குக் குடிவரும் சத்ஸுகி, மேய் என்ற அக்கா தங்கை, ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மா, காட்டில் தூங்கும் பெரிய உயிர். இந்தப் படத்தைப் பற்றி உலகம் முழுக்கப் பரவிய ஒரு கொள்கை, டோட்டோரோ ஒரு எமன், மேய் குளத்தில் மூழ்கி இறந்துவிட்டாள், அக்காவும் அவளைத் தேடிச் சாவுலகுக்குப் போய்விட்டாள் என்கிறது. சான்றுகள்: கடைசிக் காட்சிகளில் பிள்ளைகளுக்கு நிழல் இல்லை, இரு பெயர்களும் மே மாதத்தைக் குறிக்கின்றன, 1963 மே மாதம் படத்தின் நிலத்துக்கு அருகே சாயாமா நகரில் 16 வயது மாணவி ஒருத்தி கொல்லப்பட்டாள். 2007இல் படத்தைத் தயாரித்த கிப்லி ஸ்டுடியோவே இதை மறுத்து, அப்படி எதுவும் இல்லை, கவலைப்பட வேண்டாம் என்றும், அந்தக் காட்சிகளில் நிழல் தேவையில்லை என்று வரையாமல் விட்டதாகவும் சொன்னது.

பெயர்களின் காரணம் இன்னும் எளிது. ஆரம்பத் திட்டத்தில் ஒரே சிறுமிதான். கதை நீண்டபோது அவளை இருவராகப் பிரித்தார் மியாசாகி. பேருந்து நிறுத்தத்தில் டோட்டோரோ அருகே நிற்கும் விளம்பரப் படத்தில் இருவரும் கலந்த அந்த ஒற்றைச் சிறுமி இன்றும் நிற்கிறாள்.

டோட்டோரோ தனியாக வெளிவரவில்லை என்பதையும் அந்தக் கொள்கைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். அதே ஸ்டுடியோவின் இயக்குநர் தகஹாத்தாவின் ‘மின்மினிகளின் கல்லறை’யோடு ஒரே டிக்கெட்டில் திரையிடப்பட்டது. அந்தப் படத்தில் அண்ணன், தங்கை இருவரும் பட்டினியால் சாகிறார்கள். அண்ணன் தான் இறந்த நாளைச் சொல்லித்தான் படமே தொடங்குகிறது. குழந்தைகளின் சாவை இவ்வளவு வெளிப்படையாக எடுத்துப் பக்கத்திலேயே வைத்த ஒரு ஸ்டுடியோ, அதே சாவை இன்னொரு படத்தில் நிழலுக்குள் ஒளிக்க வேண்டிய அவசியம் என்ன?

எனக்கு இந்தக் கொள்கையின் மேல் கோபம் வருவது இன்னொரு காரணத்தால். சாயாமா வழக்கில் கைதானவர் இஷிகாவா கசுவோ, 24 வயது, ஜப்பானில் தீண்டாமைக்கு ஆளான புராக்கு சமூகத்தவர். சரியாக எழுதப் படிக்கத் தெரியாத அவர்தான் மிரட்டல் கடிதம் எழுதினார் என்று வழக்கு. 1964இல் தூக்குத் தண்டனை, 1974இல் ஆயுள் தண்டனையாகக் குறைப்பு, 1994இல் பரோலில் விடுதலை. ஒப்புதல் வாக்குமூலம் தன்னிடம் வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று மறுவிசாரணை கேட்டுக்கொண்டே 2025இல் 86 வயதில் இறந்தார். சாதி வாசம் தெரிந்த நமக்கு இந்த வழக்கின் எடை உடனே புரியும். டோட்டோரோ கொள்கையைச் சொல்பவர்கள் கொலையை எடுத்துக்கொண்டார்கள், இஷிகாவாவை விட்டுவிட்டார்கள். படத்துக்குத் திகில் சேர்க்க ஒரு பெண்ணின் சாவு அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

படத்திலோ சாவு ஒளிந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. அம்மாவின் வருகை தள்ளிப்போகிறது. அதுவரை பெரியவளைப் போல வீட்டைத் தாங்கிய சத்ஸுகி, அம்மா செத்துப்போனால் என்ன செய்வது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் வாய்விட்டு அழுகிறாள். மேய் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகுதான் சோளக்கதிரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாக நடக்கத் தொடங்குகிறாள். மியாசாகியின் தாய் முதுகெலும்புக் காசநோயால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். அந்தப் பயம் அவருக்குத் தெரிந்த பயம். நடக்குமா நடக்காதா என்று தெரியாத அந்தப் பயத்தோடு பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பெரியவர்களால்தான் அந்த நிச்சயமின்மையைத் தாங்க முடியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சாவை உறுதிப்படுத்திவிட்டால் புதிர் தீர்ந்துவிடும், பயமும் தீர்ந்துவிடும். படத்தின் முடிவுப் பெயர்ப் பட்டியலோடு வரும் ஓவியங்களில் அம்மா வீட்டுக்குத் திரும்பி, பிள்ளைகளோடு இருப்பதையும் அவர்கள் பார்ப்பதில்லை.

இதே மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) குறித்து எழுந்த வாசிப்பு வேறு தரத்தது. சிஹிரோ வேலைக்குச் சேரும் குளியல் மாளிகை, எடோ காலத்து விலைமாதர் குளியலகங்களை நினைவூட்டுகிறது; வேலைக்குச் சேர்பவளின் பெயரைப் பிடுங்கிப் புதுப்பெயர் தரப்படுகிறது; முகமூடி அணிந்த ஒருவன் தங்கத்தை அள்ளி நீட்டுகிறான். தயாரிப்பாளர் தொஷியோ சுசுகியே, கூச்ச சுபாவமுள்ள பெண்கள் கேளிக்கை விடுதிகளில் வேலை செய்து பிறருடன் பேசக் கற்றுக்கொள்வது பற்றிய ஓர் உரையாடல் மியாசாகிக்குப் பொறியாக அமைந்ததைச் சொல்லியிருக்கிறார். ஆகவே இந்த வாசிப்பு ஆதாரமற்றதில்லை. பொருள் இங்கே நிலத்தின் கருப்பொருளிலிருந்தே முளைக்கிறது. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள், தொடக்கத்திலேயே அப்பா சத்தமாகச் சொல்வதைக் கேட்பதில்லை. இது பொருளாதாரம் வீங்கியிருந்த காலத்தில் கட்டிக் கைவிட்ட கேளிக்கைப் பூங்கா என்கிறார் அவர். கையில் கார்டும் பணமும் இருக்கிறதென்று யாரோ வைத்த சாப்பாட்டில் கைவைக்கிறார், பன்றியாகிறார். 1990களில் வீழ்ந்த ஜப்பானியப் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு பத்து வயதுப் பெண்ணின் எதிரில் வைத்து நேரடியாகப் பேசும் படம் அது.

தேவதைக் கதைகளை உளப்பகுப்பாய்வு செய்த புரூனோ பெட்டல்ஹைம் மீது இன்று பல குற்றச்சாட்டுகள் உண்டு. 1976ஆம் ஆண்டு நூலில் அவர் வலியுறுத்திய ஒன்றை மட்டும் நான் விடமாட்டேன்: கதையின் உள்ளர்த்தத்தைக் குழந்தையிடம் விளக்காதீர்கள், அது கதையின் வேலையைக் கெடுத்துவிடும் என்றார். அதே நூலில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் பெரியவர்களுக்கு அந்த அர்த்தத்தை விளக்கவும் செய்தார். இந்தத் துறையின் பெரும் பகுதி இரண்டாவதை எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டது. டிஸ்னி பார்வையாளர்களைப் பற்றி 18 நாடுகளில் நடத்தி 2001இல் நூலாக வந்த பெரிய ஆய்வுகூடப் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களிடம், அவர்கள் பால்யத்தில் பார்த்ததைத்தான் கேட்டது. பிள்ளைகளிடமே போனவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் ஆய்வாளர் டேவிட் பக்கிங்ஹம். பயமுறுத்திய படங்களையும் அழவைத்த படங்களையும் பற்றி அவர்களோடு நீண்ட நேரம் பேசி 1996இல் ஒரு நூல் எழுதினார். எது தங்களைப் பயமுறுத்தியது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. கண்ணை மூடிக்கொள்வது, வேறு அறைக்குப் போய்விடுவது, தெரிந்த முடிவுக்காக அதே படத்தை மறுபடி போட்டுப் பார்ப்பது என்று பயத்தைக் கையாளும் வழிகளையும் அவர்கள் விவரித்தார்கள். டோட்டோரோ பற்றி அடுத்து யாரேனும் ஆய்வு செய்வதாக இருந்தால், நிழலை எண்ணுவதை விட்டுவிட்டு, மேய் தொலைந்துபோகும் அந்த நிமிடங்களைப் பிள்ளைகள் எப்படி உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கேட்டு எழுதவேண்டும்.